பெங்களூரு அபார்ட்மென்ட்ல மலைத்தேனீ கூடு, மருந்து அடிச்சுடலாமா விட்டுடலாமா? ஞாயித்துக்கிழமை மீட்டிங்

ஆறாவதுமாடி எழுதியது:

வணக்கம் மக்களே. ராமமூர்த்தி நகர் தாண்டி ஒரு அபார்ட்மென்ட்ல இருக்கோம், மொத்தம் 64 வீடு. எங்க பிளாக்ல எட்டாவது மாடி சன்ஷேடுக்கு அடியில ஒரு பெரிய தேன்கூடு தொங்குது. பொங்கல் சமயத்துல ஒரு முறம் அளவு இருந்துச்சு, இப்ப பாத்தா பாதிக் கதவு அளவுக்கு வந்துடுச்சு. எங்க பால்கனில நின்னு நிமிர்ந்தா நேராத் தெரியும், கறுப்பா, அப்பப்ப மேல இருந்து கீழ ஒரு அலை ஓடற மாதிரி கூடே சிலிர்க்குது, பாக்க அழகாத்தான் இருக்கு ஆனா வயித்தக் கலக்குது.

அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல மூணு நாளா ஒரே சண்டை. செக்ரட்டரி பெஸ்ட் கண்ட்ரோல் ஆளுக்கு அட்வான்ஸே கொடுத்துட்டார், ராத்திரி 11 மணிக்கு மேல வந்து மருந்து அடிச்சு எடுத்துடுவாங்களாம், 3,500 ரூபா. இன்னொரு பக்கம் நாலாவது மாடி ரிட்டயர்டு சார் ஒருத்தர் பயோடைவர்சிட்டி, சஸ்டெயினபிள் உலகம் அது இதுன்னு பிடிஎஃப் பிடிஎஃபா ஃபார்வர்டு பண்றார், ஒருத்தரும் தொறந்து கூட பாக்கறதில்ல, நானும்தான். பாவம் மனுஷன் நல்லவர், ஆனா 48 பக்க பிடிஎஃப் அனுப்பினா யார் சார் படிப்பாங்க.

கூட்டுக்கு நேர் கீழ இருக்கறதால என் ஓட்டு முக்கியம்னு ரெண்டு சைடும் என்னையப் பிடிச்சு இழுக்கறாங்க. நேர்மையாவே கேக்கறேன். ஊரு உலகத்துல எத்தனையோ தேன்கூடு இருக்கு, இது ஒண்ணு போனா என்ன ஆயிடும்? சரி தேனீயே கொறஞ்சாலும் வேற ஏதாவது பூச்சி அந்த வேலையப் பாத்துக்காதா? தேனீ அழிஞ்சா மனுஷன் நாலு வருஷத்துல காலின்னு ஐன்ஸ்டீன் சொன்னதா சார் ஒரு படம் போட்டார், அது உண்மையா? பாடப்புத்தகம் மாதிரி வேண்டாம், மீட்டிங்ல எந்திரிச்சு நின்னு சொல்ற மாதிரி சொல்லுங்க.

அப்புறம் சம்பந்தமில்லாம ஒண்ணு. எங்கம்மா மொட்டை மாடில குரோ பேக்ல பூசணியும் கத்தரியும் போட்டிருக்காங்க, பூசணிப் பிஞ்சு கோலிகுண்டு சைஸ் வந்ததும் மஞ்சளாகி விழுந்துடுது. உரம் பத்தலையா?

கத்தரிப்பூ எழுதியது:

சம்பந்தமில்லன்னு சொன்னீங்களே, அதுதான் உங்க கேள்விக்கே பதில். நான் ஓசூர் பக்கம் காய்கறி நாத்துப் பண்ணைல வேலை பாக்கறேன், சனி ஞாயிறு பெங்களூர்ல அக்கா வீடு. அதனால இது தினமும் பாக்கற விஷயம்.

உரம் காரணம் இல்லீங்க. பூசணில ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவுக்கு அடியில குட்டியா ஒரு பிஞ்சு ஏற்கனவே ஒட்டிட்டு இருக்கும், அதப் பாத்து காய் பிடிச்சிடுச்சுன்னு அம்மா சந்தோஷப்பட்டிருப்பாங்க. ஆண் பூவுல இருக்கற மகரந்தம் அங்க வந்து சேரலன்னா செடி அந்தப் பிஞ்ச வச்சுக்காது, மஞ்சளாக்கி உதுத்துடும். பூ விடியக்காலைல விரியும், வெயில் ஏறினதும் சுருங்கிடும், அந்த ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள பூச்சி பல தடவை வந்து போகணும். பூசணி மகரந்தம் பிசுபிசுன்னு கனமா இருக்கும், காத்துல பறக்காது. நாளைக்கு காலைல ஏழு மணிக்கு முன்னாடி அம்மாவ ஒரு ஆண் பூவப் பறிச்சு, இதழக் கிழிச்சுட்டு, நடுவுல இருக்கற அந்த மஞ்சக் குச்சிய பெண் பூவுக்குள்ள வச்சு தேய்க்கச் சொல்லுங்க. ரெண்டு மூணு நாள்ல பிஞ்சு பச்சையா பருக்க ஆரம்பிச்சா என் பேச்ச நம்புங்க. பதினஞ்சு செடிக்கு கையால பண்ணலாம், பதினஞ்சு ஏக்கருக்கு யார் பண்றது?

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி, வேற பூச்சி பாத்துக்காதா. இங்கதான் பலரும் கோட்டை விடறாங்க. கத்தரிப்பூவ கிட்டத்துல பாத்திருக்கீங்களா? நடுவுல மஞ்சளா கூம்பு மாதிரி இருக்குமே அதுதான் மகரந்தப் பை, அது பக்கவாட்டுல வெடிக்காது, நுனில மட்டும் ஊசி முனை ஓட்டை, சாப்பாட்டு மேசைல உப்பு டப்பா இருக்கும்ல அது மாதிரி. குலுக்கினாத்தான் கொட்டும். தக்காளியும் ஏறக்குறைய அப்படித்தான். கூட்டுல வாழற தேனீக்கு அந்தக் குலுக்கற வித்தை தெரியாது, மலைத்தேனீயும் சரி பெட்டித் தேனீயும் சரி. அத செய்யறது மரத்துல ஓட்டை போட்டு வாழுமே அந்தக் கறுப்பு தச்சுத் தேனீ, அப்புறம் வயித்துல நீலக் கோடு போட்ட ஒரு குட்டித் தேனீ, நீலவரித் தேனீம்பாங்க. அது பூவ இறுக்கிப் பிடிச்சுட்டு றெக்கைய விரிக்காமலே பறக்கற தசைய மட்டும் அதிர விடும், ம்ம்ம்ம்ம்னு ஒரு சத்தம், பறக்கும்போது கேக்கறத விட தொனி கூடுதலா இருக்கும், மகரந்தம் பவுடர் மாதிரி அது வயித்துல கொட்டும். ஒரு தடவ கேட்டுட்டீங்கன்னா அப்புறம் தோட்டத்துக்குள்ள நுழையும்போதே காது அதத்தான் தேடும். பசுமைக் குடில்ல அந்தப் பூச்சி வராத இடத்துல ஆளுங்க பூவ குச்சியால தட்டறாங்க, சிலர் எலக்ட்ரிக் டூத் பிரஷ் வச்சுக் கூட அதிர வைக்கறாங்க, சிரிக்காதீங்க நெஜமாத்தான். வெளில காத்து கொஞ்சம் ஆட்டிக் கொடுக்கும், சும்மா சொல்லக்கூடாது, ஆனா வண்டு வந்து போன செடில காய் நல்லா பிடிக்கும்.

அந்த நீலவரித் தேனீ மண்ணுல, மண் சுவத்துல பொந்து போடும். தச்சுத் தேனீக்கு காஞ்ச மரமோ மூங்கிலோ வேணும். உங்க அபார்ட்மென்ட்ல கார் பார்க்கிங் வரைக்கும் பேவர் பிளாக் போட்டிருப்பாங்க, மிச்ச இடத்துல மெக்சிகன் கிராஸ், காஞ்ச கிளை ஒண்ணு கண்ணுல பட்டா உடனே வெட்டு. அதுங்க எங்க போகும்? பூசணிக்கு ஒருத்தர், கத்தரிக்கு ஒருத்தர், சுரைப்பூ சாயங்காலம் விரியறதால அதுக்கு ராத்திரி வர அந்துப்பூச்சி. ஒருத்தர் லீவு போட்டா இன்னொருத்தர் அந்த சீட்டுல உக்கார முடியாது. சில வேலைக்கு நாலு பேர் இருப்பாங்க, சில வேலைக்கு ஒரே ஒருத்தர்தான், யார் அந்த ஒருத்தர்னு நமக்கு முன்கூட்டியே தெரியறதும் இல்ல.

ஐன்ஸ்டீன் மேட்டர் கப்சா. அவர் அப்படி சொன்னதுக்கு எந்த ஆதாரமும் கிடையாது. அத மீட்டிங்ல சொல்லிடாதீங்க, எதிர்க்கட்சில யாராவது கூகுள் பண்ணி மானத்த வாங்கிடுவாங்க. நெல்லு, கோதுமை, மக்காச்சோளம் எதுக்கும் தேனீ வேண்டாம், காத்தும் தன் மகரந்தமுமே போதும். உலகத்துல முக்கியமான உணவுப் பயிர் வகைகள்ல நாலுல மூணு ஓரளவாவது பூச்சி, பறவை, வௌவால் இதுகள நம்பி இருக்கு, ஆனா எடைக் கணக்கு போட்டா மொத்த விளைச்சல்ல அது 35 சதவீதம்தான். அதனால பசில சாக மாட்டோம். வெறும் சோறு இருக்கும். தொட்டுக்க ஒண்ணும் இருக்காது, சமையல் எண்ணெய் பாதி இருக்காது, மாம்பழம் முந்திரி எல்லாம் கல்யாணத்துக்கு மட்டும்.

பிடிஎம்_பேச்சிலர்_இல்ல எழுதியது:

எல்லாரும் நல்லா பேசறீங்க. நான் வேற மாதிரி சொல்றேன், திட்டினாலும் பரவால்ல.

மூணு வருஷம் முன்னாடி எங்க லேஅவுட் பார்க்ல வாக்கிங் போன எங்கப்பாவ மலைத்தேனீ கொட்டுச்சு. யாரோ பசங்க கல்லு விட்டிருக்காங்க, அவனுங்க ஓடிட்டானுங்க, 68 வயசு மனுஷனால ஓட முடியல. தலை கழுத்தெல்லாம் சேத்து 40க்கு மேல முள்ளு எடுத்தாங்க. ஆஸ்பத்திரில ரெண்டு நாள் ஐசியு. முதல்ல போன இடத்துல டூட்டி டாக்டர் தேனீ தானே ஒரு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிடலாம்னாரு, நாங்க கேக்காம வேற இடம் தூக்கிட்டுப் போனோம், போனதாலதான் அப்பா இன்னைக்கு இருக்கார். இப்பவும் வீட்ல ஈ பறந்தா கூட கைய தலைக்கு மேல தூக்கிடுவார்.

பூசணிக்கு மகரந்தம் ரொம்ப முக்கியம்தான், ஒத்துக்கறேன். ஆனா 64 வீட்டுல எத்தனை வயசானவங்க, எத்தனை கைக்குழந்தை இருக்குன்னு முதல்ல எண்ணுங்க, அப்புறம் உலகத்த காப்பாத்தலாம். பிடிஎஃப் அனுப்பற சார் நாலாவது மாடிதானே, கூடு எட்டாவது மாடில.

குமரிக்காரன் எழுதியது:

பிடிஎம் அண்ணன் சொல்றதுல நியாயம் இருக்கு, அத முதல்ல சொல்லிடறேன். மலைத்தேனீய லேசா எடுத்துக்கக் கூடாது. நான் தேனீயோட வளந்தவன், நானே அதுகிட்ட மரியாதையா பத்தடி தள்ளித்தான் நிப்பேன்.

எங்க ஊரு மார்த்தாண்டம் பக்கம். வீட்டுக்கு வீடு தேன் பெட்டி இருக்கும், எங்க வீட்ல 60 பெட்டி இருந்துச்சு. ரப்பர் மரம் இலைய உதுத்துட்டு புதுசா துளிர் விடும் பாருங்க, ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும், அப்ப அந்த இளங்காம்புல தேன் சுரக்கும், பூவுல இல்ல, இலைக்காம்புல. அந்த ரெண்டு மூணு மாசம்தான் எங்களுக்கு தீபாவளி. மிச்ச மாசம் என்ன பண்ணுவோம்னு வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. மழைக்காலத்துல ஒரு பூவும் இருக்காது, சுத்தி எங்க பாத்தாலும் ரப்பர், ரப்பர், ரப்பர். சிரட்டைல சீனித் தண்ணி காச்சி ஊத்தி பெட்டிக்குள்ள வச்சு பச்சப் புள்ள மாதிரி காப்பாத்தணும். முன்னாடி அதே இடத்துல புளி, அயனி, நாவல், முருங்கைன்னு வருஷம் பூரா ஏதாச்சும் ஒண்ணு பூத்துட்டே இருந்துச்சுன்னு பாட்டி சொல்லுவாவ, அப்ப யாரும் தேனீக்கு சீனி வாங்கினதில்ல.

1991, 92 வாக்குல ஒரு வைரஸ் வந்துச்சு. தாய் சாக்புரூட்னு பேரு. பெட்டிக்குள்ள இருக்கற புழு ஒரு பைல தண்ணி அடைச்ச மாதிரி ஊதிப்போய் செத்துக் கிடக்கும். நான் அப்ப சின்னப் பையன், அப்பா தினம் காலைல பெட்டியத் தொறந்து பாத்துட்டு ஒண்ணும் பேசாம மூடி வைப்பாவ, அது மட்டும் ஞாபகம் இருக்கு. கேரளா, தமிழ்நாடு, கர்நாடகா மூணு இடத்துலயும் நூத்துக்கு 90 பெட்டிக்கு மேல போயிடுச்சு. எங்க வீட்ல 60ல மிஞ்சினது மூணு. எல்லாம் ஒரே ஜாதித் தேனீ, நெருக்கி நெருக்கி வச்ச பெட்டி, ஒண்ணுக்கு வந்தா ஊருக்கே வந்துச்சு. கொஞ்ச பேரு இத்தாலியத் தேனீக்கு மாறிட்டாங்க, கொஞ்ச பேரு தொழிலையே விட்டாங்க.

அப்புறம் எப்படி மீண்டுச்சு தெரியுமா? தப்பிச்ச அந்த ஒண்ணு ரெண்டு பெட்டியும், மலையோரம் மரப்பொந்துல பாறை இடுக்குல இருந்து பிடிச்சுட்டு வந்த காட்டுக் கூட்டமும்தான். அதுல கொஞ்சத்துக்கு அந்த நோயத் தாங்கற உடம்பு இருந்திருக்கு. அதப் பிரிச்சு பிரிச்சுத்தான் மறுபடி பெருக்குனாங்க. யாரும் பராமரிக்காம, யாருக்கும் ஒரு பைசா தராம காட்டுல இருந்த கூடு அது. அத முன்னாடியே தீ வச்சு எரிச்சிருந்தா எங்க அப்பா கதை வேற மாதிரி போயிருக்கும்.

கத்தரிப்பூ எழுதியது:

குமரிக்காரர் சொன்னதும் நெல்லு ஞாபகம் வருது, சின்னதா சொல்லிட்டுப் போறேன். 1970கள்ல புகையான் பூச்சி பரப்பற ஒரு வைரஸ் ஆசியா முழுக்க நெல்ல காலி பண்ணுச்சு, பயிரு குட்டையா புல்லு மாதிரி ஆயிடும், கதிரே வராது. அதத் தாங்கற ரகம் வேணும்னு பிலிப்பைன்ஸ்ல இருக்கற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துல ஆயிரக்கணக்கான நெல்ல போட்டு சலிச்சாங்க. கடைசில கைகொடுத்தது உத்தரப் பிரதேசத்துல எடுத்த ஒரு காட்டு நெல்லு. களைன்னு பிடுங்கிப் போடற சாதி. அந்தக் குணத்த ஏத்தித்தான் 1976ல ஐஆர் 36 வந்துச்சு, நம்ம தஞ்சாவூர் ஆளுங்கள கேளுங்க, அந்த நம்பர் தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. அந்தக் களைய எல்லாரும் ஒழுங்கா பிடுங்கி எறிஞ்சிருந்தா?

ஃபில்டர்காபி_டிகிரி எழுதியது:

யாரும் காபியப் பத்திப் பேசலையே, பெங்களூருன்னு சொல்லிட்டு! குடகுல ரொபஸ்டா காபி தன் மகரந்தத்துல காய்க்காது, வேற செடியோட மகரந்தம் வந்தாகணும். பிப்ரவரி மார்ச்ல ஒரு கோடை மழை விழும், பிளாசம் ஷவர்னு எஸ்டேட்காரங்க அதுக்குத் தவம் கிடப்பாங்க, மழை விழுந்து ஒரு வாரம் பத்து நாள்ல மலையே வெள்ளையாயிடும், வாசனை தூக்கும், ரெண்டு மூணு நாள்ல பூ முடிஞ்சிடும். காத்தும் கொஞ்சம் வேலை பாக்கும், ஆனா அந்த ரெண்டு மூணு நாளைக்கு படையெடுத்து வரது உங்க எட்டாவது மாடில தொங்குதே அதே மலைத்தேனீ. அராபிகாவுக்கு இந்தத் தொல்லை இல்ல, அது தானே காய்க்கும். ஆனா நம்ம டபரால நுரை கட்டி நிக்குதே அந்தத் திக்குல ரொபஸ்டாவுக்கும் பங்கு இருக்கு.

இன்னொண்ணு, இந்த ஊர்ல ஏன் இவ்ளோ தேன்கூடுன்னு யோசிச்சிருக்கீங்களா. லால்பாக்க பாத்துக்கிட்ட ஜெர்மன்காரர் க்ரும்பிகல், ஒரு மரம் பூத்து முடியறப்ப அடுத்த மரம் பூக்கற மாதிரி ரோட்டுக்கு ரோடு திட்டம் போட்டு வைக்க வச்சார். தபேபுயா, குல்மோஹர், தூங்குமூஞ்சி, ஹொங்கே (நம்ம புங்கை), ஒண்ணு மாத்தி ஒண்ணு. பாதி வெளிநாட்டு மரம்தான், அதுக்கு தனியா ஒரு சண்டை போடலாம், இன்னைக்கு வேண்டாம். ஆனா தேனீக்கு அது எந்த நாட்டு பாஸ்போர்ட்டுன்னு கவலை இல்ல.

மாட்டுங்கா_மணி எழுதியது:

மும்பைல இருந்து. "இது ஒண்ணு போனா என்ன ஆயிடும்"னு கேட்டிருக்கீங்கல்ல, அந்தக் கேள்விக்கு இந்தியாவே ஒரு தடவை பதில் பாத்தாச்சு. தேனீ இல்ல, பிணந்தின்னிக் கழுகு.

நான் சின்ன வயசுல கோடி கோடியா இருந்துச்சு. ஊருக்கு வெளில செத்த மாடு போட்டா அரை மணி நேரத்துல எலும்பு மட்டும் மிஞ்சும். 1990கள்ல திடீர்னு காணாமப் போக ஆரம்பிச்சுச்சு, வெண்முதுகுக் கழுகு 2007க்குள்ள 99 சதவீதத்துக்கு மேல காலி. யாருக்கும் காரணம் புரியல, நோயா இருக்கும்னு நெனச்சாங்க. 2004லதான் தெரிஞ்சது, மாட்டுக்கு வலிக்குப் போடற டைக்ளோஃபினாக். நம்ம முட்டி வலிக்குப் போடறோமே அதேதான். அந்த மாடு செத்து அதத் தின்ன கழுகுக்கு கிட்னி போயிடுது. 2006ல மாட்டு வைத்தியத்துக்கு அத தடை பண்ணாங்க, அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

அப்பவும் ஆளுங்க இதத்தான் கேட்டாங்க, நாய் இருக்கே எலி இருக்கே அது தின்னுக்காதான்னு. தின்னுச்சு. தின்னு பெருகுச்சு. கழுகு வயித்து அமிலம் கிருமியக் கொல்லும், நாய் வயிறு அப்படி இல்ல, தெரு நாய் கூடிச்சு, கடி கூடிச்சு, வெறிநாய்க்கடி சாவு கூடிச்சு, பொணம் அழுகி தண்ணில கலந்துச்சு. 2024ல ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள், ஈயல் ஃபிராங்க், அனந்த் சுதர்ஷன்னு பேரு, கணக்கு போட்டு சொன்னாங்க, 2000ல இருந்து 2005 வரைக்கும் கழுகு போனதால இந்தியால கூடுதலா செத்தவங்க சுமார் 5 லட்சம் பேர். இங்க மலபார் ஹில்ல பார்சிக்காரங்க செத்தவங்க உடம்ப கழுகுக்குத்தான் வைப்பாங்க, கழுகு இல்லாம அவங்க சோலார் கண்ணாடி வச்சு வெயில குவிக்க வேண்டியதாப் போச்சு. இத்தனைக்கும் கழுக யாரும் வேணும்னு கொல்லல. அசிங்கமான பறவைன்னு யாரும் எண்ணி வைக்கவும் இல்ல, அவ்ளோதான்.

உங்க ஒரு கூடு போனா 5 லட்சம் பேர் சாக மாட்டாங்க, பயமுறுத்தல. ஆனா பெங்களூர்ல எத்தனை அபார்ட்மென்ட் இருக்கு, ஒவ்வொரு செக்ரட்டரியும் இது ஒண்ணுதானேன்னுதான் சொல்லுவார்.

ஆறாவதுமாடி எழுதியது:

அய்யோ இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல, எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன். கத்தரிப்பூ சொன்னபடி அம்மா இன்னைக்கு காலைல ரெண்டு பூவுல தேய்ச்சு விட்டிருக்காங்க, பாக்கலாம். ஆனா பிடிஎம் சார் எழுதினது மனசுல நின்னுடுச்சு. எங்க பிளாக்லயே ரெண்டு கைக்குழந்தை இருக்கு. கொல்லாம ஆபத்தக் கொறைக்க வழி இருக்கா? இருந்தா ஓட்டு போடலாம், இல்லன்னா கஷ்டம்.

அல்சூர்வாசி எழுதியது:

இருக்கு. எங்க கட்டடத்துல இது அஞ்சாவது வருஷம், முதல் வருஷம் நாங்களும் மருந்து அடிச்சவங்கதான். அத சொல்லிட்டு ஆரம்பிக்கறேன். மறுநாள் காலைல ஹவுஸ்கீப்பிங் அக்கா ரெண்டு பக்கெட் நிறைய செத்த தேனீய கூட்டி அள்ளினாங்க, பாதிக்கு இன்னும் உசுரு இருந்துச்சு, தரைல சுத்திச் சுத்தி வந்துச்சு, வெறுங்கால்ல நடந்த ஒரு பொண்ணுக்கு கொட்டிடுச்சு. மருந்து அடிச்ச ஆளு தேனடைய தேனோட அறுத்து கோணில போட்டு எடுத்துட்டுப் போனான். எங்க எடுத்துட்டுப் போறன்னு கேட்டதுக்கு சிரிச்சான். அன்னைலேருந்து ரோட்டோரம் பக்கெட்ல அடையோட வச்சு விக்கற தேன நான் வாங்கறதில்ல. எல்லாம் முடிஞ்சு அடுத்த வருஷம் பாத்தா அதே இடத்துல புதுக் கூடு. மலைத்தேனீ அப்படித்தான், பழைய இடத்துக்கே வரும், மெழுகு வாசனை ஒட்டியிருந்தா இன்னும் சௌகரியம். அதனால 3,500 ரூபா வருஷா வருஷம் கட்டத் தயாரான்னு செக்ரட்டரிய கேளுங்க, பணம்னா உடனே காது கேக்கும்.

இது நிரந்தரமா தங்கற சாதி இல்ல. பூ இருக்கற சில மாசம் இருந்துட்டு, தேனைத் தின்னு தீத்துட்டு, வெறும் அடைய விட்டுட்டு மொத்தமா கிளம்பிடும். பெரும்பாலும் மழை வலுக்கறதுக்குள்ள. அதுவரைக்கும் ராத்திரி அந்தப் பக்கம் இருக்கற பால்கனி லைட்ட அணைங்க, மலைத்தேனீ வெளிச்சத்துக்கு வரும், முக்கால்வாசி வீட்டுக்குள்ள கொட்டு வாங்கறது இப்படித்தான். கூட்டுக்கு பக்கத்துல இருக்கற நாலஞ்சு வீட்டு ஜன்னலுக்கு கொசுவலை. அடியில கிரிக்கெட், பட்டம், பட்டாசு, குப்பை எரிக்கறது எதுவும் கூடாது, புகையும் அதிர்வும் ஆகாது. சில நேரம் தேன் பருந்து வந்து கூட்டக் கொத்தும், அப்ப யாரு மேலயும் தப்பு இல்லாம கலையும், அதனால வாட்ச்மேனுக்கு சொல்லி வைங்க, கலைஞ்சா உடனே எல்லாரும் உள்ள போய் கதவ சாத்தணும். ஓடும்போது கைய வீசாதீங்க, துணியால தலைய மூடுங்க, தண்ணித் தொட்டில குதிக்காதீங்க அது வெளில காத்திட்டு நிக்கும். முள்ள உடனே சுரண்டி எடுங்க, அது உள்ள விஷத்த ஏத்திட்டே இருக்கும். நெறைய கொட்டியிருந்தாலோ, மூச்சு இழுத்தாலோ, மூஞ்சி வீங்கினாலோ யோசிக்காம ஆஸ்பத்திரி. பிடிஎம் சார் அப்பாவுக்கு செஞ்சது சரி.

கூடு காலியானதும் ஆள விட்டு அடைய எடுத்துட்டு, மெழுக சுத்தமா சுரண்டி, அந்த சன்ஷேடு அடிய வலை போட்டு மூடிடுங்க. எங்க கட்டடத்துல வீடுகள் இருக்கற பக்கம் மூடிட்டோம், பின்பக்கம் தண்ணி டேங்க் அடியில விட்டு வச்சோம். இப்ப அங்கதான் வருது. யாரும் யாருக்கும் தொந்தரவு இல்ல.

ரொம்ப தாழ்வா, நடைபாதை மேல, பள்ளிக்கூட வாசல்ல கட்டியிருந்தா நானே எடுக்கத்தான் சொல்லுவேன், அப்பவும் கொல்லாம ராத்திரில இடம் மாத்தத் தெரிஞ்ச ஆள வச்சு.

பிடிஎம்_பேச்சிலர்_இல்ல எழுதியது:

இப்படி சொன்னா சரி. எனக்கு பிடிஎஃப் தான் பிடிக்காது.

ஆறாவதுமாடி எழுதியது:

மீட்டிங் முடிஞ்சது. 64 வீட்டுல வந்தது 23 பேர், அதுலயும் நாலு பேர் காபிக்கு வந்தவங்க. கழுகு கதைக்கு எல்லாரும் அமைதியா இருந்தாங்க, காபி கதைக்கு தலையாட்டினாங்க, ஆனா ஓட்டு மாறினது அல்சூர்வாசி சொன்ன வருஷா வருஷம் 3,500 ரூபாக்குத்தான். 13க்கு 10. மழை வரைக்கும் விடறது, அப்புறம் வலை. நாலாவது மாடி சார் கண்ணு கலங்கிட்டார், இப்ப பறவை பத்தி புது பிடிஎஃப் அனுப்ப ஆரம்பிச்சிருக்கார். பெஸ்ட் கண்ட்ரோல் ஆளு 1,000 ரூபா அட்வான்ஸ திருப்பித் தர மாட்டேங்கறான், அத நான்தான் கட்டணுமாம், செக்ரட்டரி சிரிச்சுட்டே சொன்னார் ஆனா சிரிப்பு இல்ல.

பூசணில தேய்ச்ச ரெண்டுல ஒண்ணு நின்னுடுச்சு, எலுமிச்சை சைஸ். இன்னொண்ண அணில் கடிச்சிடுச்சு, அதுவும் பயோடைவர்சிட்டின்னு அம்மாகிட்ட சொன்னேன், அடிக்க வந்தாங்க.

ஒரு உதவி. கீழ கேட்ல போர்டு வைக்கணும், கன்னடத்துல என்ன எழுதறது? நான் யோசிச்சது "இல்லி ஜேனுகூடு இதெ, கல்லு எசெயபேடி". சரியா இருக்கா?

அல்சூர்வாசி எழுதியது:

எல்லாம் சரி, ஜேனுன்னு மட்டும் போடாதீங்க, தேன் கிடைக்கும்னு பசங்க ஏணியோட வந்துடுவானுங்க. "ஹெஜ்ஜேனு"ன்னு போடுங்க, கன்னடத்துல மலைத்தேனீக்கு அதான் பேரு. இந்த ஊர்ல அந்தப் பேரப் பாத்தாலே எவனும் கிட்ட வர மாட்டான்.